வனையப் போகும் பிள்ளைகளுக்கு

போன மாதம் இரண்டு பிள்ளைகள் என் கொட்டிலுக்கு வந்தார்கள். ஒருத்தி இங்கே கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்தவள். மற்றவன் கோண்டாவில் பெடியன், வங்கி வேலையை விடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவன். "யப்பான் முறையில மட்பாண்டம் பழக வேணும் ஐயா. ஆரிட்டப் போய்ச் சேரலாம்?" என்று கேட்டார்கள். அன்றைக்குத் தேத்தண்ணி ஆறும் மட்டும் கதைத்ததில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதித் தருகிறேன். நான் எண்பதுகளில் அக்கரைக்குப் போய், புதுச்சேரிப் பக்கத்தில் ஒரு வனைகூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் பழகியவன். திரும்பி வந்து இந்த வளவுக்குள்ளேயே சிறிய சூளை ஒன்று கட்டினேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

1. போவதற்கு முன் உங்கள் வளவு மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் சேர்ந்த முதல் நாள் என் ஆசான் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் ஊர் மண் எப்படி?" சிவப்பு என்றேன். "நனைத்தால் என்ன செய்யும்? காய்ந்தால்? சுட்டால்?" எனக்கு வாய் திறக்க ஏலவில்லை. சின்ன வயது முழுக்க அந்த மண்ணில் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறேன். ஒரு நாளும் அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்ததில்லை.

நீங்கள் உருட்டிப் பாருங்கள். நனைத்துப் பிசைந்து, பென்சில் தடிப்பில் கயிறாகத் திரித்து, விரலைச் சுற்றி வளையுங்கள். நல்ல களி வெடிக்காமல் வளையும். நம்முடைய செம்பாட்டு மண் பொருபொருவென்று உதிரும். தோட்டத்துக்கு அது பொன், சக்கரத்துக்கு ஆகாது. அதன் கீழே சுண்ணாம்புக் கல் படுத்திருக்கிறது. கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் அது எத்தனை அடியில் தொடங்குகிறது என்று சொல்வார்கள். அந்தக் கல்லின் பொடி எந்தக் களியில் கலந்தாலும் ஆபத்துத்தான். சூளையில் 800, 900 பாகைச் சூட்டில் அது நீறாகிவிடும். சட்டி வெளியே வரும்போது வடிவாக இருக்கும். பிறகு அந்த நீறு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துப் பூரிக்கும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ இராவில் டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் சட்டியின் பக்கத்தில் ஒரு சில்லு தெறித்துக் கிடக்கும், குழியின் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை இருக்கும். நான் திரும்பி வந்து கட்டிய சூளையில் முதலில் சுட்ட சட்டிகளில் முக்கால்வாசி இப்படித்தான் போயின. களி வன்னியிலிருந்து வந்த நல்ல களிதான். அதை நான் காயப்போட்ட இடம் எங்கள் கிணற்றடி.

ஆகவே காய்ந்த மண்ணில் ஒரு துளி வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து மெல்லிய வலையில் வடித்து எடுங்கள். கரைப்பதற்கு மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். நம் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு விடுகிற அதே தண்ணீர், களிக்கரைசலைத் திரள வைத்துவிடும்.

குடாநாட்டுக்கு வெளியே களிக்குக் குறைவில்லை. முருங்கன் களியைக் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ரயிலில் ஏற்றி வந்த காலம் ஒன்று இருந்தது. ஆனால் அது நனைந்தால் வீங்கிக் காய்ந்தால் பாளமாக வெடிக்கிற மண். தனியே வனைய முடியாது, மணலும் வேறு களியும் சேர்த்துச் சிறிதளவு கலக்கலாம். வெள்ளைக் களி வேண்டுமானால் மீட்டியாகொட பக்கம் எடுக்கிறார்கள். இவற்றையெல்லாம் ஒவ்வொரு பிடி வாங்கி, உருண்டை பிடித்து, பெயர் எழுதிக் காய வையுங்கள். ஆசானிடம் போகும்போது இதைத்தான் கொண்டு போக வேண்டும்.

2. யப்பானுக்கே போக வேண்டும் என்றில்லை.

போக வசதி இருந்தால் போங்கள். ஆனால் அந்த வழி நம் பக்கத்துக்கு வந்து நூறு வருடமாகிறது. குர்சரண் சிங் என்ற பஞ்சாபியர் 1919-இல் யப்பான் போய்த் தோக்கியோவில் மட்பாண்டத் தொழில் படித்தார். ஹமாதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ, ஆங்கிலேயரான பெர்னார்ட் லீச் எல்லாம் அங்கே அவருக்குப் பழக்கமானவர்கள். பின்னாளில் டில்லியில் வனைகூடம் நடத்தினார், அவரிடம் பழகியவர்கள் பலர்.

நமக்கு இன்னும் கிட்ட இருப்பது புதுச்சேரி. அமெரிக்கப் பெண்ணான டெபோரா ஸ்மித் யப்பான் மொழி படித்து, பிசென் என்ற ஊரில் தொழில் பழகியவர். அவரும் ரே மீக்கரும் 1971-இல் புதுச்சேரியில், அரவிந்தர் ஆச்சிரமத்தின் ஆதரவோடு, கோல்டன் பிரிட்ஜ் என்ற வனைகூடத்தைத் தொடங்கினார்கள். இந்தியாவின் பல மூலைகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படித்தார்கள். அப்படிப் படித்துத் தனியே கூடம் வைத்த ஒருவரிடம்தான் நான் எடுபிடியாக இருந்தேன். பிசெனில் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் பழகிய முறை எத்தனையோ கை மாறி ஒரு கொக்குவில் பெடியனிடம் வந்து சேர்ந்தது. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஆசானைத் தேடும்போது கண்காட்சி அலுமாரியைப் பார்க்காதீர்கள். அவர் வீட்டுக் குசினியைப் பாருங்கள். தான் வனைந்த கோப்பையில் அவர் சாப்பிடுகிறாரா? பழுதான பாண்டங்களை எங்கே வைத்திருக்கிறார், அவற்றைப் பற்றிக் கேட்டால் காரணம் சொல்கிறாரா? சொல்லுகிறவரிடம் சேருங்கள்.

3. முதல் வருடம் சக்கரம் கிடைக்காது.

என் அப்பு சுருட்டுக் கொட்டிலில் இருந்தவர். கொக்குவில் சுருட்டுக்குப் பெயர்போன ஊர் என்று உங்களுக்கு ஆரும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கொட்டிலில் புதிதாகச் சேர்கிற பெடியன் சுருட்டுச் சுற்றமாட்டான். தண்ணீர் தெளித்துப் பதப்படுத்திய இலையின் நரம்பை உரித்துக்கொண்டு இருப்பான். ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிப்பார், எல்லோருக்கும் காது அங்கே, கை இங்கே. மாதக்கணக்கில் உரித்த பிறகு, இந்த இலை எரியும், இந்த இலை அணையும் என்று விரலே சொல்லும். அதற்குப் பிறகுதான் சுற்றக் கொடுப்பார்கள்.

யப்பானிய வனைகூடத்தில் சீடனை தேஷி என்பார்கள். அவனுக்கும் இதே வழிதான். கூட்டுவது, விறகு பிளப்பது, சக்கரத்தைக் கழுவுவது, மண் பிசைவது. மண் பிசைவதற்கே மூன்று வருடம் என்று அவர்களிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. கிகுநேரி என்று ஒரு பிசைவு முறை இருக்கிறது, செவ்வந்திப் பிசைவு என்று பொருள். வலது கை அழுத்த, இடது கை திருப்ப, மண் உருண்டையில் செவ்வந்தி இதழ் மாதிரி மடிப்பு விழும். ஒவ்வொரு மடிப்பிலும் காற்று வெளியேறும், ஈரம் எங்கும் ஒரே அளவாகும். நான் எட்டு மாதம் பிசைந்தேன். ஐந்தாம் மாதம் அழுகை வந்தது. ஏழாம் மாதம் ஒரு நாள், உருண்டைக்குள் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இறுகி இருப்பது உள்ளங்கையில் தட்டுப்பட்டது. ஆசானிடம் சொன்னேன். அவர் கம்பியால் அறுத்துப் பார்த்தார். காய்ந்த மண் கட்டி ஒன்று உள்ளே இருந்தது. அடுத்த மாதம் எனக்குச் சக்கரத்தில் அரை மணித்தியாலம் கிடைத்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீடனாக இருப்பது வேறு, அடிமையாக இருப்பது வேறு. கேள்வி கேட்டால் சினக்கிற, இரண்டு வருடமாகியும் ஒரு மண் கலவையைக்கூட வாய்திறந்து சொல்லாத இடத்தில் இருக்காதீர்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

4. கூட்டுமாற்றை எடுக்காதீர்கள்.

காய்ந்த களித் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது, வருடங்கள் கழித்து மூச்சை இறுக்கும். தரையை எப்போதும் ஈரத் துணியால் துடையுங்கள். பூச்சுப் பொடி கலக்கும்போது வாயையும் மூக்கையும் சரியான முகக்கவசத்தால் மூடுங்கள், சால்வை போதாது. ஈயம் கலந்த பூச்சை உண்ணும் பாத்திரத்துக்குப் பூசவே வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

5. நூறு செய்யுங்கள், நூறையும் அறுங்கள்.

சக்கரத்தில் பெரிய மண் குவியலை வைத்து, அதன் உச்சியில் ஒரு கைப்பிடி மண்ணை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு கிண்ணம் எழுப்பி, நூலால் அறுத்து எடுத்து, அடுத்ததற்குப் போவது யப்பானிய முறை. நம் குயவரும் இப்படிக் குவியலில் இருந்துதான் சிட்டி விளக்கு எடுப்பார்கள். அளவு பார்க்க யப்பானியர் மெல்லிய மூங்கில் சிலுவை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்குத் தொம்போ என்று பெயர், தும்பி என்று அர்த்தம். நீளக் கால் ஆழத்தைச் சொல்லும், குறுக்குச் சிறகு வாயகலத்தைச் சொல்லும். முருக்கஞ்சுள்ளியில் அல்லது ஈர்க்கில் நீங்களே செய்துகொள்ளலாம்.

எடுத்த கிண்ணங்களை அன்று மாலையே மேலிருந்து கீழாகக் கம்பியால் இரண்டாக அறுங்கள். சுவர் எங்கே தடித்தது, அடி எங்கே மெலிந்தது என்று தெரியும். அறுத்ததைத் திரும்பப் பிசையுங்கள். மனம் கேளாது என்பது எனக்குத் தெரியும். முதல் கிண்ணத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று இருக்கும். படம் எடுத்து அனுப்புங்கள், கிண்ணத்தை அறுங்கள். சுடாத மண் எத்தனை தரமும் திரும்ப வரும். ஒருமுறை 600 பாகையைத் தாண்டிவிட்டால் அது இனி மண்ணாகாது, உங்கள் பிழையும் அப்படியே நின்றுவிடும்.

6. யப்பானியச் சக்கரம் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையில் சுற்றும். மேற்கத்தையர் கூடங்களில் மறுதிசை. தொடங்கும்போதே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

7. ஊரில் வனைகிறவர் வீட்டுக்குப் போங்கள்.

இதைத்தான் முதலாவதாக எழுதியிருக்க வேண்டும். யப்பான் என்று சொன்னால் கண் விரிகிற நாம், தைப்பொங்கலுக்குப் பானை வாங்கும்போது அதை வனைந்தவரின் பெயரைக் கேட்பதில்லை. இந்தத் தொழிலைச் சாதியோடு கட்டி வைத்தோம், தொழிலையும் ஆளையும் ஒரே படியில் கீழே வைத்தோம். இன்றைக்கு நம் பிள்ளைகள் அதே மண்ணைத் தொட்டுக் கலைஞர் என்று பெயர் எடுக்கிறார்கள். தலைமுறையாகத் தொட்டவருக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. இது என் மனத்தில் இருக்கிற முள். குர்சரண் சிங்கை நான் மதிப்பதற்கு ஒரு காரணம், அவர் யப்பானில் மட்டும் படித்தவரில்லை. டில்லியில் அப்துல்லா என்ற பட்டாணிய உஸ்தாத்திடமும் படித்தார், அதை மறைக்கவும் இல்லை.

போய் அவர்கள் எப்படித் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். நம் குயவர் பானையை அடியில்லாமல் தடிப்பாக வனைந்து, ஈரம் பாதி இறங்கிய பிறகு உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். சுவர் மெலியும், மண் இறுகும், அடுப்பில் வைத்தால் வெடிக்காத பானையாகும். இதே வித்தை யப்பானில் கரட்சு என்ற ஊரில் இருக்கிறது. கொரியாவிலிருந்து வந்த வனைஞர்கள் கொண்டுவந்தது, தத்தகி என்பார்கள். அதைப் பழக ஆட்கள் கடல் கடந்து போகிறார்கள். உங்களுக்கு அது சைக்கிள் தூரம். போகும்போது படம் எடுக்க முன் கேளுங்கள். பானைக்கு விலை பேசாதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு ஒன்று: அந்த வீடுகளில் பெண்கள் மண் மிதிப்பார்கள், தட்டுவார்கள், சக்கரத்தில் அமர்வது வழக்கமில்லை. நீங்கள் அமரப் போகிறவர்கள். அதற்காக அந்தப் பெண்களின் கையைக் குறைவாக நினைக்காதீர்கள். தட்டுகிற கைதான் பானையின் தடிப்பை முடிவு செய்கிறது.

பக்கத்து ஆனைக்கோட்டையில் எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பெருங்கற்காலப் புதைகுழியில் எலும்புக்கூடுகளோடு மட்பாண்டமும் கிடைத்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பாண்டத்தைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கரி ஏறிக் கறுக்கும், வெளியே காற்றுப் பட்டுச் சிவக்கும் என்று விளக்குவார்கள். ஒரு சிறிய சட்டியை உமிக்குள் கவிழ்த்துச் சுட்டுப் பாருங்கள். சூளையில் காற்று என்ன செய்யும் என்பது அந்த ஒரு சட்டியில் விளங்கிவிடும்.

8. காற்றைக் கேட்டு வனையுங்கள்.

சோளகம் வீசுகிற மாதங்களில் விளிம்பு முதலில் காயும், அடி ஈரமாக இருக்கும், விடிய வாய் வெடித்திருக்கும். ஈரச் சாக்குப் போட்டு மூடி, கவிழ்த்து வைத்து, கிடுகு வேலி மறைவில் ஆறுதலாகக் காய விடுங்கள். மாரியில் ஒன்றும் காயாது, அது மண் கரைத்துப் புளிக்க வைக்கிற காலம். புளித்த மண்ணில் நாற்றம் வரும், கையில் வெண்ணெய் மாதிரி வழுக்கும். வெறுக்காதீர்கள். வனைந்ததில் இருந்து சுட்டு முடியும் வரை பாத்திரம் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்கும் என்பதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். மூடி வேண்டுமானால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே மண்ணில் வனையுங்கள்.

9. சூளையில் அவசரம் ஒன்றே பெரிய பிழை.

நூறு பாகை தாண்டும் வரை சிறு நெருப்பு. சுவரில் ஒளிந்திருக்கிற ஈரம் நீராவியாகித் தெறிக்கும் இடம் அது. 573 பாகையில் மண்ணிலுள்ள படிகக்கல் திடீரென்று பூரிக்கும், குளிரும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெல்லக் கடக்க வேண்டும். சட்டி பானை 900-க்குள் முடிந்துவிடும். கல்போல இறுகி ஒலிக்கிற பாண்டத்துக்கு 1200-க்கு மேல் போக வேண்டும். அங்கே நிறம்தான் அளவுகோல்: சிவப்பு, செம்மஞ்சள், பிறகு கண் கூசும் வெள்ளை. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடுங்கள். சொல்லுகிற சூட்டில் வளைந்து சாய்கிற கூம்பு ஒன்றை உள்ளே வைத்தால் அது பொய் சொல்லாது.

விறகுச் சூளை எரிப்பதானால் வேலிக்கு அங்கால் இருக்கிற வீட்டாரிடம் இரண்டு நாள் முன்பே போய்ச் சொல்லுங்கள். கொடியில் உடுப்பு இருக்கும், முட்டுக்காரக் கிழவி ஒருத்தி இருப்பாள். நான் ஒருமுறை சொல்லாமல் மூட்டி, அடுத்த வீட்டு அன்ரியின் முகத்தைப் பார்க்க ஒரு மாதம் வெட்கப்பட்டேன்.

எரித்து முடிந்ததும் வாயைக் களியால் பூசி அடையுங்கள். மூன்றாம் நாள் கல்லில் கை வைக்க முடிகிறதா என்று பார்த்துத் திறவுங்கள்.

10. பிசென் பாண்டத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள், பிசென்காரரைப் பார்த்துச் செய்யுங்கள்.

பிசென் ஒகயாமா மாவட்டத்தில் இருக்கிறது. யப்பானின் ஆறு பழஞ்சூளை ஊர்களில் ஒன்று. அங்கே வயலுக்கு அடியில் தோண்டி எடுக்கிற களியில் கண்ணாடிப் பூச்சு ஒழுங்காகப் பிடிக்காது, களி மிகுதியாகச் சுருங்கும், சூட்டை வேகமாக ஏற்றினாலும் தாங்காது. வேறொருவர் என்றால் மண் கூடாது என்று விட்டிருப்பார்கள். அவர்கள் பூச்சையே விட்டார்கள். செம்பைன் விறகால் பத்து நாள், இரண்டு கிழமை என்று மெல்ல எரித்தார்கள். பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க வைக்கல் சுற்றி அடுக்கினார்கள். வைக்கலிலுள்ள காரம் மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து நெருப்புச் சிவப்பில் கோடு விழுந்தது. இன்றைக்கு உலகம் அந்தக் கோட்டைத்தான் விலை கொடுத்து வாங்குகிறது.

ஹமாதாவும் அப்படித்தான். லீச்சோடு இங்கிலாந்தில் சென்ட் ஐவ்ஸில் 1920-இல் வனைகூடம் கட்டி, பெயர் எடுத்துத் திரும்பியவர், போய் அமர்ந்த இடம் மாஷிகோ. அது தண்ணீர்ச் சாடியும் குசினிச் சட்டியும் செய்கிற ஊர், மண்ணும் சொரசொரப்பு. அந்த மண்ணுக்கு ஏற்றபடி தடிப்பாக, உறுதியாக வனைந்தார். பூச்சுக்கு ஊர்க் கல்லும் ஊர்ச் சாம்பலும். 1955-இல் அரசு அவரை வாழும் தேசியச் செல்வம் என்று அறிவித்தது.

ஆகவே யப்பானியத் தேநீர்க் கிண்ணத்தைக் கொக்குவிலில் வனைந்து விற்க வேண்டாம் என்பது என் எண்ணம். நமக்கு ஒடியற்கூழ் இருக்கிறது. பிளாவில் குடித்த கூழின் சூட்டை உள்ளங்கையில் வாங்குகிற ஒரு கோப்பையை எண்ணிப் பாருங்கள். மூக்குப்பேணி இருக்கிறது. உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றுகிற அந்த மூக்கைப் பித்தளையில் வளைத்தவர்கள் எத்தனை நுட்பமாக வளைத்திருக்கிறார்கள்! அதைக் களியில் எழுப்பிச் சொட்டாமல் ஊற்ற வைக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மூக்கின் நுனியைக் கூராக, கொஞ்சம் கீழ்நோக்கி வெட்டினால்தான் கடைசித் துளி திரும்பி உள்ளே போகும்.

11. சாம்பலைக் கொட்டாதீர்கள்.

விறகுச் சாம்பலில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். முதலாவதில் உங்களைப் பயமுறுத்தினேனே, 900 பாகையில் சட்டியை உடைக்கிற அதே சுண்ணாம்பு, 1250-இல் சிலிக்காவோடு சேர்ந்து உருகிக் கண்ணாடியாகும். சாம்பலும் களியும் பெல்ட்ஸ்பாரும் கலந்தால் ஒரு பூச்சு வந்துவிடும். கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை உமியின் சாம்பலில் சிலிக்கா மிகுதி, அதைச் சேர்த்தால் பூச்சு பால் வெள்ளையாகும். யப்பானியர் நுகா என்று சொல்லிப் போற்றுகிற பூச்சு அந்த வகைதான். பூவரசஞ் சாம்பல், தென்னஞ் சிரட்டைச் சாம்பல், பனம் மட்டைச் சாம்பல் எல்லாவற்றையும் தனித்தனி வாளியில் வைத்து, எந்த மரம், எந்த மாதம் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றும் வேறு நிறம் தரும். நிறத்தை நினைவில் வைத்திருக்க முடியாது, கொப்பி வேண்டும்.

12. கடைசியாக, அந்தச் செம்பாட்டு மண்.

ஊர் திரும்பிப் பல வருடம் அதை நான் தொடவில்லை. வனைய உதவாது என்று ஆசான் முன்னால் வெட்கப்பட்ட மண். ஒரு சூளையில் இடம் மிஞ்சியது. முருங்கையடியில் ஒரு கரண்டி அள்ளி, வடித்து, விரல் நீளக் கிண்ணத்தில் போட்டு, கூம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தபோது கிண்ணத்தின் அடியில் மண் இல்லை. உருகி, புளியங்கொட்டை நிறத்தில், விளிம்பில் கொஞ்சம் செம்மஞ்சளோடி, முகம் தெரிகிற பளபளப்பில் கிடந்தது. இரும்பும் சுண்ணாம்பும் சேர்ந்து அந்த மண்ணே பூச்சாகிவிட்டது. கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கிணற்றுக்கட்டில் இருந்தேன்.

உங்கள் வளவு மண் இதே நிறம் தரும் என்று சொல்லமாட்டேன். இரண்டு வளவு தாண்டினால் மண் மாறும். ஒரு சிரட்டை நிறைய அள்ளி, கல் பொறுக்கி, வடித்துக் கொண்டுவாருங்கள். தைப் பொங்கலுக்கு முன் ஒரு சூளை எரிக்க இருக்கிறேன். மேல் தட்டில் இரண்டு கிண்ணத்துக்கு இடம் வைத்திருக்கிறேன்.